குடிநீர்ப் பிரச்சினையும் தீர்வும்: ஒரு கட்டுரை பட்ட பாடு

கட்டுரை திருத்திப் பிழைக்கிறவனுக்கு, "அரசு தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்ற வரியைப் பார்த்தாலே தலைவலி வந்துவிடும். என்னைப் போல அவதிப்பட்ட ஆசிரியர்கள் ஆமாம் என்பீர்கள். தொண்ணூறுகளில் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில், அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

சின்னதாக எழுதுங்கள்

'குடிநீர்ப் பிரச்சினை' என்று தலைப்புக் கொடுத்தேன். எல்லோரும் உலகத்து நதிகளையெல்லாம் இழுத்து வந்தார்கள். "உலகத்தை விடுங்கப்பா. உங்க வீட்டுப் பிரச்சினையைச் சின்னதா எழுதுங்க" என்றேன்.

கடலாடிப் பக்கத்திலிருந்து வரும் முத்துலெட்சுமி மறுநாள் நாலே வரி எழுதி வந்தாள். வறண்ட கண்மாயில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்க இறங்கிய அவள் மதினி மேல் மண் சரிந்துவிட்டது. வெளியே எடுத்தபோது உயிரில்லை. படித்துவிட்டு நிமிர எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே சொன்னாள்: "இதவிடச் சின்னதா எழுதத் தெரியல சார்."

காரணம்

பிரச்சினைக்கு அடுத்து காரணம் எழுத வேண்டும். மழை இல்லை, வறட்சி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெரியபட்டினத்து நாகூர்கனி மட்டும் முத்துலெட்சுமி பக்கம் திரும்பி, "உங்க ஊர்ல தண்ணித் தொட்டி இல்லியா?" என்று கேட்டான்.

இருந்தது. போர் போட்டு, மோட்டார் வைத்து, தொட்டி கட்டி, திறப்பு விழாவும் நடத்தியிருந்தார்கள். வகுப்பே அவளைப் பார்த்தது. பிறகு எதற்குக் கண்மாய்க்குப் போனார்கள்? அவள் தலையைக் குனியவில்லை. "தொட்டி ஊருக்கு சார். எங்க தெரு ஊருல சேத்தி இல்லையாம்."

தீர்வு

அதையெல்லாம் எழுதியவள், கடைசியில் 'அரசு தகுந்த நடவடிக்கை' என்று முடித்திருந்தாள். அடித்துவிட்டேன். யார் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும், எவ்வளவு நாளில் முடியும், யார் எதிர்ப்பார்கள், அதற்கு என்ன பதில்? மூன்றாவது பத்தியில் இவ்வளவும் இருந்தால்தான் தீர்வு என்றேன். தேர்வுக்காகத்தான் சொன்னேன், சத்தியமாக. தொட்டியிலிருந்து தெருவுக்குக் குழாய் எந்த வழியாக வரலாம் என்று படம் போட்டு எழுதினாள். நாகூர்கனி அழகான கையெழுத்தில் பிரதி எடுத்துக் கொடுத்தான்.

அவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கே போய்விட்டாள். வகுப்புக்கு வந்ததும், என்ன ஆச்சு என்றேன். அங்கிருந்த அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னாராம்: "மனுன்னா அழுகைதாம்மா வரும். இதுல வேலை இருக்கு."

எதிர்ப்பு

குழாய் பதித்தார்கள். எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் முத்துலெட்சுமி வரவில்லை. அதற்கு மறுநாள் நெற்றியில் கட்டுடன் வந்து உட்கார்ந்தாள். யாரோ குழாயை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். தடுக்கப் போன பெண்கள் மேல் கல் விழுந்திருக்கிறது. இந்த வினையை ஆரம்பித்து வைத்தது என் பாடம் அல்லவா?

"போதும்மா. தேர்வுக்கு மட்டும் படி" என்றேன். அவள் கேட்கவில்லை. தெருப் பெண்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் அதே கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தாள். போலீஸ் வந்தது, வழக்குப் பதிந்தது, இந்தத் தடவை இரும்புக் குழாய் இறங்கியது. தண்ணீர் வந்த அன்று வகுப்புக்கு வந்தவளிடம், அடி வாங்கும்போது பயமாக இல்லையா என்று கேட்டேன். "எதிர்ப்பு மூணாவது பத்தியில வரும்னீங்க சார். எங்க ஊர்ல முத வரியிலயே வந்திருச்சு."

எத்தனையோ கட்டுரைகளுக்கு மார்க் போட்டிருக்கிறேன், தண்ணீர் கொண்டுவந்த அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் என்ன மார்க் போடுவதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.