வெயிலில் வந்த வெள்ளம்

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூரில் ஒரு ஜெனரேட்டர் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தேன். லடாக்கில் ஒரு முகாமுக்கு இரண்டு ஜெனரேட்டர்களைக் கொண்டுபோனோம். லாரி ஓட்டியவர் அம்பத்தூருக்குப் பக்கத்துப் பாடி ஊர்க்காரர். என்னைவிட மூத்தவர், குடிப்பழக்கம் இல்லாதவர்.

வழியில் பாலமில்லாத ஓர் ஆறு. காலை ஒன்பதுக்குள் கடந்துவிடுங்கள் என்று நாங்கள் தங்கிய கிராமத்தில் சொன்னார்கள். மேலே பனிப்பாறை, வெயில் ஏற ஏற உருகி, பிற்பகலில் ஆறு பெருகிவிடுமாம். மழை அபூர்வமான ஊர் அது. பார்லி வயலும் நாலு மரமும் அந்த நீர் எட்டிய வரைக்கும்தான். அதற்கப்பால் வெறும் கல்.

பனி உருகும் என்பது தெரியாதவனல்ல நான். ஆனாலும் சென்னைப் பக்கம் நூம்பலில், மழைக்கு மட்டுமே பெருகும் கூவத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, மேகமில்லாத நாளில் ஆறு பெருகும் என்பது மனதில் ஏறவில்லை. அந்த உயரத்தில் தலை வேறு பிளந்தது.

"மத்தியானம் போலாம்ணே."

"காலைலயே போவச் சொன்னாங்களே சார்?"

"வானத்தப் பாருங்க. ஒரு பொட்டு மேகம் இல்ல."

பிற்பகலில் இறங்கினோம். நடு ஆற்றில் வெள்ளம் மோதி லாரி சாய்ந்தது. கிராமத்தார் கயிறு வீசி எங்களைக் கரையேற்றினார்கள். ஜெனரேட்டர்கள் போய்விட்டன.

அம்பத்தூரில் விசாரணை. "மழையா?" என்று கேட்டார் மேனேஜர்.

"இல்ல சார், நல்ல வெயிலு. அதனாலதான் தண்ணி வந்துச்சி," என்றார் டிரைவர்.

அறையே சிரித்தது. "வெயிலுக்கு வெள்ளமா? எத்தன ரவுண்டுய்யா போட்ட?"

டிரைவர் என்னைப் பார்த்தார். விளக்கினால், கிராமத்தார் எச்சரித்ததையும், தாமதித்தது நான் என்பதையும் சொல்ல வேண்டிவரும். "தண்ணி அதிகமா இருந்தது" என்று மட்டும் சொன்னேன். குடித்துவிட்டு ஓட்டினார் என்று எழுதி, அவரை லோடு ஏற்றும் வேலைக்கு மாற்றினார்கள்.

"இன்னா மாமே, வெயில் ஜாஸ்தியா கீதே, கூவம் ரொம்பிடுமா?" என்று கேன்டீனில் அவரைச் சீண்டுவார்கள்.

பயந்து வாயை மூடினேனா, எனக்கே அப்போது எதுவும் பிடிபடவில்லையா என்று இன்றும் குழம்புகிறேன். ஆனால் அடுத்துச் செய்ததில் குழப்பமில்லை.

சில மாதம் கழித்து அவர் என் மேசைக்கு வந்தார்.

"சார், அன்னிக்கு நெசமா மழை இல்லதானே? அல்லாரும் சிரிக்கிறத பாத்தா எனக்கே டவுட்டா கீது. நான்தான் அவசரப்பட்டு வண்டிய எறக்கிட்டேனா?"

எனக்கு எல்லாம் நினைவிருந்தது.

"சரியா ஞாபகமில்லண்ணே," என்றேன்.

"பரவால்ல சார். அப்ப நான்தான் போல," என்று சொல்லிவிட்டு லோடு ஏற்றப் போனார்.