வரிசையில் கடைசி ஆள்

கராத்தே வகுப்பில் என்னைப் பயமுறுத்தியது அடி இல்லை. எண்ணுவதுதான்.

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில், ஞாயிறு காலைகளில் பெண்களுக்கு மட்டும் அந்த வகுப்பு. என்னை இழுத்துக்கொண்டு போனவள் கீழ்வீட்டு நர்ஸ், திருநெல்வேலிக்காரி. நான் லக்ஷ்மிபாய் நகரில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போய்வருகிற பஸ்ஸில், ஒருவன் தினமும் என்மேல் சாய்ந்துகொண்டு நிற்பான். தள்ளிப் போ என்பதற்கு ‘ஹடோ’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், நகர்ந்துவிடுவான். அது என் தொண்டையை விட்டு வராது. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடப்பேன். இதை அவளிடம் சொன்னது என் தப்பு.

“கை காலு வீசுததெல்லாம் பொறவு, யக்கா. அங்க போனா கத்தச் சொல்லுவாங்க. ஒங்களுக்கு அதான் மருந்து,” என்றாள்.

அந்த மருந்துக்குப் பயந்து நான்கு ஞாயிறு வயிற்றுவலி என்றேன். ஐந்தாவது ஞாயிறு அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

அங்கே வழக்கம் இது: எல்லோரும் வரிசையாகக் காலை அகட்டி, முழங்காலை மடக்கி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் நிற்க வேண்டும். வலது ஓரத்திலிருந்து ஒவ்வொருத்தியாக ஜப்பான் பாஷையில் பத்து வரை உரக்க எண்ண வேண்டும். ஓர் எண்ணுக்கு எல்லோரும் ஒரு குத்து. ஒருத்தி முடித்ததும் அடுத்தவள்.

எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பில் பாடத்தை ஆளுக்கு ஒரு பத்தியாக எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். முன்னால் எத்தனை தலை என்று எண்ணி, என் பத்தியை மட்டும் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பேன். முறை வந்ததும் எழுத்து தெரியும், குரல் வராது. வகுப்பே சிரிக்கும். ஒருநாள் போகாமல் படுத்தேன், மறுநாளும். அதோடு படிப்பு நின்றது. வீட்டில் யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

இங்கேயும் தலைகளை எண்ணினேன். இருபத்தாறு பேர். இடது ஓரத்தில் கடைசி ஆளாக நின்றுகொண்டேன். பதினைந்து பேர் எண்ணி முடிப்பதற்குள் டீச்சர் போதும் என்று கைதட்டிவிடுவாள். மூன்று வாரம் தப்பித்தேன். இருந்தும் அந்தப் பத்துச் சொற்களைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்து, சாம்பார் கொதிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். அடுப்படியில் எல்லாம் சரியாக வந்தது.

ஜனவரியில் பனிமூட்டம் இறங்கிய ஒரு ஞாயிறு. கூடத்துக்குள் போய்ப் பார்த்தால் என்னையும் சேர்த்து ஏழே பேர். கூட்டம் குறைந்தால் என் முறை வந்துவிடும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

“திரும்பிடலாமா? குளிரா இருக்கே.”

“குளுரா? ஒங்களுக்கு வேர்க்குது யக்கா,” என்றாள் நர்ஸ்.

எண்ணிக்கை மடமடவென்று வரிசையில் இறங்கி வந்தது. என் பக்கத்தில் நின்ற நர்ஸ் பத்து சொல்லி முடித்தாள். “ஹாங், தீதி,” என்று அக்கா முறை சொல்லி என் பக்கம் கைகாட்டினாள் டீச்சர், என்னைவிடப் பத்து வயது சின்ன ஹரியானாப் பெண்.

காலண்டர் தாள் கண்முன் வந்தது. அதில் எழுத்தே இல்லை. நான் சொல்லும்வரை யாரும் நிமிரவும் முடியாது. எனக்காக ஆறு பேரின் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

“அரே, போலோ நா! மேரா குட்னா!” என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பஞ்சாபி ஆன்ட்டி கத்தினாள்.

“யக்கா, எதையாவது சொல்லித் தொலைங்க. தொடை விட்டுப்போச்சு.”

“ஒண்ணு,” என்றேன்.

நர்ஸுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவள் குத்தினாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அடுத்தவளைப் பார்த்து ஆன்ட்டி. இரண்டுக்கும் அப்படித்தான், குத்து கைக்குக் கை ஊர்ந்து அந்த ஓரத்துக்குப் போனது. பத்துக்கு வரும்போது மூக்கு ஒழுகியது. முடிந்தது என்று நிமிர்ந்தேன்.

“ஆவாஸ் நஹீ ஆயீ. ஃபிர் சே,” என்றாள் டீச்சர். சத்தமே வரவில்லையாம். மறுபடி முதலிலிருந்து.

தமிழில் எண்ணியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆன்ட்டி ‘ஹே பக்வான்’ என்று முனகியபடி முழங்காலை மடக்கினாள். ஆறு பேரும் மடக்கினார்கள். யாராவது சிரித்திருந்தால் போயிருப்பேன், செருப்பு வாசலில்தான் கிடந்தது. ஓடாததற்குத் தைரியம் காரணமில்லை. கால் மரத்துப்போயிருந்தது.

“ஒண்ணு,” என்றேன்.

இந்த முறை ஆன்ட்டி யாரையும் பார்க்காமல், சத்தம் கேட்டே குத்தினாள். அவளுக்கு அப்பால் இருந்த மூன்று பேர் இன்னும் தலையை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.