மெலெனைட்டேயின் மலாவ்

எரிமலை பொங்கியதும் அரசாங்கம் நியுவாஃபோ தீவைக் காலிசெய்யச் சொன்னபோது எல்லாரும் பாயையும் பைபிளையும் தூக்கிக்கொண்டு கப்பலேறினார்கள். மெலெனைட்டே எடுத்துக்கொண்டது ஒரு மலாவ் முட்டை. கூடையில் சூடான மண்ணை நிரப்பி, நடுவில் முட்டையைப் புதைத்து, வழி முழுக்க மடியில் வைத்திருந்தாள்.

மலாவ் என்ன பறவையோ! அடைகாக்காது. எரிமலைச் சூட்டில் கதகதக்கும் ஏரிக்கரை மண்ணில் முட்டையிட்டு, மூடிவிட்டுத் தன் போக்கில் போய்விடும். மீதியை மண் பார்த்துக்கொள்ளும். பூமி என்றால் உள்ளே கதகதப்பாகத்தான் இருக்கும் என்று மெலெனைட்டே நம்பியிருந்தாள். வேறு பூமியை அவள் தொட்டதே இல்லை.

குடியேற்றிய தெற்குத் தீவில் இறங்கியதும் குழி தோண்டி முழங்கை வரை கையை விட்டாள். சில்லென்றது. இன்னும் ஆழமாகத் தோண்டினாள். அங்கும் சில்லென்றுதான் இருந்தது.

"இந்த மண்ணு செத்துக் கிடக்குங்க," என்றாள் கணவன் விலியாமியிடம்.

கிழங்கு வேகவைக்கும் குழியடுப்பின் ஓரத்தில் முட்டையைப் புதைத்தாள். சமைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் அடுப்பு எரிந்தது. நாத்தனார் ஃபட்டாய் சும்மா இருப்பாளா?

"ஏன் அண்ணி, வெறுங்கல்ல வேகவெச்சு எங்க அண்ணனுக்குப் போடப்போறீங்களா?"

"உனக்கும் ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன், வாடி!"

புகைக்கு நடுவே பகலெல்லாம் அவளுக்குக் கண் சொக்கும். மூடிய கண்ணுக்குள் ஊர் ஏரி மெல்ல விரியும். பனிமூட்டத்தில் கரை எது, நீர் எது என்று தெரியாது. அந்தப் பக்கம் ஒரு மலாவ் கூப்பிட, இந்தப் பக்கம் அதன் ஜோடி பதில் சொல்லும். விழித்தால் எதிரே ஈர விறகு.

ஒரு காலையில் சாம்பல் மண் அசைந்தது. குஞ்சு தலையை உதறிக்கொண்டு மேலே வந்தது. மெலெனைட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அது அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விடுவிடுவென்று ஓடி, மலாவ் குஞ்சுகளுக்கே உரியபடி பிறந்த அன்றே எழும்பிப் பறந்து, காட்டுக்குள் போய்விட்டது. ஃபட்டாய் கைதட்டி ஆடினாள். மெலெனைட்டேயும் ஆடினாள், அழுதுகொண்டே.

மத்தியானம்தான் அவளுக்கு உறைத்தது. இந்தக் காட்டில் அதற்கு ஜோடி ஏது? கூப்பிட்டால் பதில் சொல்ல யார்? ஆசைப்பட்டு ஓர் உயிரை அநாதையாக்கிவிட்டோமே என்று வாய்விட்டுப் புலம்பினாள்.

வருஷங்கள் ஓடின. ஊருக்குத் திரும்பலாம் என்று உத்தரவு வந்தது. அந்த நாளுக்காக அவளைப்போல ஏங்கியவர்கள் யாருமில்லை. ஆனால் கரைக்கு வந்தவள் படகில் கால் வைக்கவில்லை.

"ஏறு மெலே. அது எப்பவோ செத்திருக்கும்," என்றான் விலியாமி.

"செத்ததை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கலை."

"நான்தானே அதை இங்க கொண்டுவந்தேன். நானும் போயிட்டா, இந்தத் தீவுல அதுக்கு ஊர்க்காரங்கன்னு யாருங்க இருக்கா?"

படகு கிளம்பியது. விலியாமி மூட்டையோடு அவள் பக்கத்திலேயே நின்றான்.