மெயின் சுவிட்சுக்கு ஒரு வாரம் லீவு

நாளையிலிருந்து எங்கள் தெருவில் ஒரு வாரத்துக்குக் கரண்டு கிடையாது. கம்பி மாற்றப் போகிறார்களாம். காலையில் ஆள் வந்து சொன்னதும் எங்கள் மாடிக் கட்டடத்துக் குடித்தனக்காரர்கள் எல்லோரும் கைதட்டாத குறைதான்!

பின்னே என்ன? விளக்குக்கும் சேர்த்துத்தான் வாடகை. ஆனால் ஒன்பது அடித்ததும் வீட்டுக்காரர் கீழே மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். வாயில் சோறு இருந்தாலும் இருட்டுதான்.

சரி, அரிக்கேன் விளக்கு ஏற்றலாம் என்றால் அதற்கும் தடை. வெள்ளையடித்த சுவர் புகையில் கறுத்துவிடுமாம். இன்றைக்கு வேறு வழியில்லாமல் அவரே அனுமதி கொடுத்துவிட்டார்.

உடனே பரணிலிருந்து விளக்குகள் இறங்கின. நான் கண்ணாடிகளைச் சாம்பல் போட்டுத் துலக்கினேன். பக்கத்துக் குடித்தனத்து ஜமீலா அக்கா திரி கத்தரித்தார். அவருடைய தையல் மெஷின்மேல் பெருநாளுக்குக் கொடுக்கவேண்டிய சட்டைத் துணிகள் குவிந்து கிடந்தன.

"இனிமே எம்புட்டு நேரம் வேணும்னாலும் தைப்பேன்டி! யாரு கேக்குறது?" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்காரரே மாடியேறி வந்தார்.

"கரண்டு வந்தப்பவே எங்க விளக்கையெல்லாம் வித்துப்புட்டேன்மா. ஒண்ணு இரவல் குடுங்களேன்."

இருந்ததிலேயே நல்ல விளக்காகப் பார்த்து, எண்ணெய் நிரப்பிக் கொடுத்தார் ஜமீலா அக்கா.

"தாராளமா கொண்டு போங்கண்ணே. ஒம்பது மணிக்கு மட்டும் அணைச்சிருங்க. சுவரு கறுத்துரும்ல?"

வீட்டுக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

உங்கள் வீட்டு சுவிட்ச் யார் கையில்? சொல்லுங்கள். எங்களிடம் இன்னும் ஒரு விளக்கு மிச்சமிருக்கிறது.