மேம்பாலத்தில் மட்டும் வரும் சத்தம்

என் கணவரின் அண்ணன் ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் டர்பைன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு அளவு இயந்திரங்களோடு பழகியவர் என்பதால், எங்கள் குடும்பத்தில் மிக்சி நின்றாலும் அவரிடம்தான் அபிப்பிராயம் கேட்போம். கேட்காவிட்டாலும் கிடைக்கும். அவர் புது வண்டி வாங்கியதும் தன் பழைய பெட்ரோல் காரை எங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். என் மகளைவிட வயதில் மூத்த கார். மெட்டுகுடாவில் எங்கள் வாசலில் நின்று சாவியைத் தரும்போது அவருக்குக் கண் கலங்கியது. பிறகு புது வண்டியில் ஏசியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குஷாய்குடா பக்கம் ஒரு பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. முதல் வாரமே, இரண்டு சக ஆசிரியைகளை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது எஞ்சினுக்குள் யாரோ தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினார்கள். பாலத்தின் உச்சிக்கு வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. இறக்கத்தில் வண்டி ஒன்றும் தெரியாத குழந்தை போல ஓடியது.

கணவரிடம் சொன்னேன். அவர் தெருமுனை வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "நல்லாத்தானே இருக்கு. அண்ணன் கொடுத்த வண்டி" என்றார். இரண்டாவது வாக்கியம்தான் தீர்ப்பு என்பது எனக்குப் புரிந்தது.

பட்டறையில் காட்டினேன். ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். சத்தம் புதுப் பிளக்குகளோடும் ஒத்துப்போனது. வேறு வழியின்றி, வண்டியைக் கொடுத்த அத்தானையே வரவழைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலியான சாலையில், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சமதரையில் ஓட்டிப் பார்த்தார். சத்தம் பெரியவருக்கு மரியாதை கொடுத்து வாயே திறக்கவில்லை.

"எஞ்சின்ல ஒண்ணுமில்லம்மா. நீ ஏத்தத்துலயும் டாப் கியர்ல இழுக்கிற. லேடீஸுக்குக் கியர் மாத்த சோம்பல்."

எரிச்சல் என்னவென்றால், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. மறுநாள் ஏற்றத்துக்கு முன்பே கியரைக் குறைத்தேன். சத்தம் குறைந்தது. ஆனால் போகவில்லை.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்று ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளிடம் தினமும் கத்துகிறவள் நான். அதையே வண்டியிலும் செய்தேன். ஏசியை அணைத்து ஏறினேன்: கொஞ்சம் குறைந்தது. வெப்பமானி முள்ளைக் கவனித்தேன்: சரியாக இருந்தது. அடுத்து, பெட்ரோல் பங்கில் விலை கூடிய ரகத்தை நிரப்பினேன். சத்தம் பாதியாகிவிட்டது. அந்தப் பெட்ரோல் அவ்வளவு சுலபத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாது. அப்படியானால் என் எஞ்சினில் எரிபொருள் அவசரப்பட்டு எரிகிறது. அவசரம் எங்கிருந்து வந்தது?

பதில் ராமச்சந்திராபுரத்திலிருந்து தொலைபேசியில் வந்தது. அத்தானின் மனைவியான என் ஓரகத்தியிடம் வேறு ஏதோ பேசும்போது பேச்சுவாக்கில் வண்டியைப் பற்றிப் புலம்பினேன்.

"ஹவ், ஆமா, திருகின அப்புறம்தான் அது அப்படிக் கத்துது" என்றாள் அவள்.

"எதைத் திருகினது, அக்கா?"

"உங்களுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி உங்க அத்தான்தான் பானெட்டைத் திறந்து என்னமோ திருகினார். தம்பிக்குக் கொடுக்கிற வண்டி, நல்லா பிக்கப் இருக்கணும்னு."

ஸ்பார்க் விழும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் வண்டி துள்ளும். அளவு மீறினால் உள்ளே தட்டும். தம்பி மேல் உள்ள பாசத்தில் அத்தான் அளவு மீறியிருந்தார்.

இதை அவரிடம் சொல்வது யார்? கணவரிடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நான் எதுவும் சொல்லவே இல்லை என்று இருவருமாக வைத்துக்கொண்டோம்.

குஷாய்குடாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. "உங்க பழைய வண்டியிலேயே எல்லாரும் போகலாம் அத்தான், நீங்களே ஓட்டுங்க" என்று அழைத்தேன். மகிழ்ந்துபோனார். எல்லாரையும் பட்டுப்புடவை, பட்டுவேட்டியோடு அடைத்துக்கொண்டு, ஏசியைப் போட்டு, பாலத்தில் ஏறினார். கியர் டாப்பிலேயே இருந்தது. மாற்ற அவருக்கும் சோம்பல் போலிருக்கிறது.

புளியங்கொட்டை மூட்டையே அவிழ்ந்து கொட்டியது.

"பெரியப்பா, யே க்யா ஆவாஸ்? என்ன சத்தம் இது?" என்றாள் என் மகள்.

"பெட்ரோல் சரியில்ல."

"நல்ல பெட்ரோல்தான் போட்டிருக்கேன், அத்தான்."

"அப்ப லோடு ஜாஸ்தி."

பின்சீட்டில் என் மேல் பாதி உட்கார்ந்திருந்த ஓரகத்தி, "அன்னைக்குத் திருகினீங்களே, அதைத் திருப்பித் திருகுங்க" என்றாள். கணவர் ஜன்னல் வழியே விளம்பரப் பலகைகளை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் எல்லாரும் முகூர்த்தத்துக்கு உள்ளே போனபோது அத்தான் மட்டும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரோ ஒரு டிரைவரிடம் ஸ்பேனர் வாங்கி, பானெட்டுக்குள் குனிந்திருந்தார். வியர்த்திருந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பந்தியில் பாவம் போய்விட்டது. எதிர் வரிசையில் இருந்த உறவினரிடம் அவர் விளக்கிக்கொண்டிருந்தார். "டைமிங் லேசா ஓடிப்போயிருந்தது. சத்தத்தைக் கேட்டதுமே பிடிச்சுட்டேன். பட்டறைக்காரனுக்கு எங்க தெரியப்போகுது!" கணவர் பெருமையோடு என்னைப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

சாப்பாட்டு மயக்கம் என்று சொல்லி, திரும்பும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அத்தான் பின்னால் போனார். ஓரகத்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாலத்துக்கு முன்பே கியரைக் குறைத்தேன். வண்டி முன்னைவிட மந்தமாகத்தான் ஏறியது, ஆனால் சத்தமே இல்லை. ஓரகத்தி என் தொடையை லேசாகக் கிள்ளினாள். இறக்கத்தில் அத்தான் கண் விழித்தார்.

"சத்தம் வந்துச்சா?"

"இல்லை, அத்தான்."

"வராது" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனார்.