ஏரல் கடைவீதியில் என் காளைகள்

நான் எதையும் எளிதில் மறக்கிற ஆள் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த பிறகு யாரும் என்னிடம் வந்து மன்னிப்பின் பெருமையைப் பேச வேண்டாம்.

அது உலகச் சண்டை நடந்த காலம். தூத்துக்குடியில் எனக்குக் குப்பை வண்டிகள் ஓடின. துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கிகளில் கூட்டித் தள்ளும் பஞ்சுத் தூசி, அழுகிய வெங்காயம், மீன் கொட்டகைக் கழிவு என்று ஊருக்கு வேண்டாதது எல்லாம் எனக்கு வேண்டும். அள்ளுவதற்கும் கூலி உண்டு, மக்கிய பிறகு உரமாக விற்கவும் செய்யலாம். கடற்கரையில் கருவாட்டுக் கொட்டகை வைத்திருந்த ஒருவரோடுதான் என் முதல் கூட்டு. இடம் அவருடையது, வண்டி என்னுடையது. அவர் வீட்டு ஞானஸ்நான விருந்தில் என்னைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துச் சாப்பிடவைத்தார். அந்தக் கூட்டு நன்றாக நடந்ததால், கூட்டு என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று நம்பித் தொலைத்தேன்.

ஏரல் பக்கத்து வாழைத் தோட்டங்களுக்கு என் உரம் போய்க்கொண்டிருந்தது. போன இடத்தில் கடைவீதியைப் பார்த்தேன். வாழைச் சருகும் தவிடும் சாணியும் சந்துக்குச் சந்து குவிந்து கிடந்தன. இதையும் நாமே அள்ளினால் என்ன என்று தோன்றியது. ஆனால் வெளியூர்க்காரனைக் கடைக்காரர்கள் லேசில் உள்ளே விடமாட்டார்கள். அதனால் அங்கே மண்டி வைத்திருந்த ஓர் அண்ணாச்சியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். ஊர்ப்பழக்கமும் தொழுவமும் அவர் பங்கு. வண்டியும் காளைகளும் வேலையாட்களும் என் பங்கு. பிரிந்தால் அவரவர் கொண்டுவந்தது அவரவருக்கு. எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

அந்தக் காளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சோடி. சந்தையில் பார்த்ததும் மனசு விழுந்து வாங்கியது. குப்பை வண்டிக்கு இவ்வளவு அழகான மாடா என்று கேலி செய்தார்கள். நானே பருத்திக்கொட்டை கொடுத்துப் பழக்கினேன். ஆட்கள் கூடையோடு சந்துக்குள் போய்விடுவார்கள், வண்டியில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு சந்து வாயிலும் காளைகள் தாமே தலையை உள்ளே நீட்டி நிற்கும். குப்பையைக் கொட்டிவிட்டு மண்வெட்டியால் சக்கரத்து இரும்புப் பட்டாவில் தட்டினால் அடுத்த சந்துக்குத் தாமே நடக்கும். தட்டாவிட்டால், யானையைக் கட்டி இழுத்தாலும் நகராது.

ஏரலில் தொழில் காலூன்றியது. கடைக்காரர்கள் முகம் மலர்ந்தார்கள். அதன்பிறகு அண்ணாச்சிக்கு என் முகம் கசக்க ஆரம்பித்தது. கடைவீதி முழுவதும் போய், தொழில் தன்னுடையது மட்டும்தான், தூத்துக்குடிக்காரன் விலகிவிட்டான் என்று சொல்லியிருக்கிறார். கேள்விப்பட்டு நான் போனபோது மண்டி வாசலில் என்னை நிற்கவைத்தே பேசினார். உள்ளே நாலைந்து கடைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“சரி அண்ணாச்சி, கூட்டு வேண்டாம்னா விடுங்க. என் காளையளை அவுத்துக்கிட்டுப் போறேன்.”

“என் தொழுவத்துல நிக்கிற மாடு என் மாடுதாம். வேற யாருதுன்னு யாரு சொல்லுதா?” என்றார். பிறகு துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: “தம்பி, ஒம்ம மேல மீன் கவிச்சி அடிக்கி. நீரு கடக்கரையோட இரும். இங்கன மனுசன் நடமாடுத தெரு.”

உள்ளே சிரித்தார்கள். காளைகள் போனது வயிற்றில் அடித்த மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பு அதைவிட மோசம். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்தேன். குளித்துவிட்டு ஏன் குளித்தோம் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. கருவாட்டுக் கொட்டகைக்காரர் நாலு ஆளை அனுப்பி அண்ணாச்சியின் காலை முறிக்கட்டுமா என்று அன்போடு கேட்டார். முறித்த கால் கூடிவிடும், எனக்கு அது போதாது என்றேன். என் காளைகளும் என் ஏரலும் எனக்குத் திரும்ப வேண்டும். அந்த மனிதர் வாயாலேயே வர வேண்டும்.

என் ஆட்கள் வயிற்றுப்பாட்டுக்காக அவரிடமே வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒருநாள் தூத்துக்குடிக்கு வந்தார்.

“மொதலாளி, ஏரல் அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை விளாத்திகுளத்துப் பெரிய கை. மாப்பிள்ளை அழைப்பு வண்டிக்கு நம்ம வெள்ளச் சோடியத்தான் பூட்டப் போறாரு. கொம்புக்கு வர்ணம் அடிக்காவ.”

“எந்த வழியாப் போவுது வண்டி?”

“சத்திரத்துலேருந்து கடவீதி வழியாத்தான். எங்கள்ல ஒருத்தரும் அன்னைக்கு அந்தப் பக்கம் தலகாட்டக் கூடாதுன்னுட்டாரு. சம்மந்தக்காரவ பாத்தா கேவலமாம்.”

காளைகளைக் காட்டி, ஆட்களை ஒளித்துவைக்கிறார். குப்பை வண்டி போகும்போது ஒருநாளாவது மூக்கைப் பொத்தாமல் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார். அன்று மதியம் நான் சாப்பிட்ட சாப்பாட்டின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

கல்யாணத்தன்று காலையில் சலவை வேட்டி சட்டையோடு ஏரல் கடைவீதிக் காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தேன். மேளம் வந்தது. பின்னால் வில்வண்டி. வண்டிக்குள் பட்டு உடுத்திய மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் இருந்தார்கள். அண்ணாச்சியின் மைத்துனர் ஓட்டினார். காளைகள் சலங்கை கட்டிக்கொண்டு கம்பீரமாக வந்து, முதல் சந்து வாயில் தலையை உள்ளே நீட்டி நின்றுகொண்டன.

மைத்துனர் ஹை ஹை என்றார். வாலை முறுக்கினார். சாட்டையை எடுத்தார். காளைகள் அசைபோட்டன. மேளக்காரர்கள் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது சந்துக்குள்ளிருந்து ஓர் அம்மாள் கூடை நிறையக் குப்பையோடு வேகமாக வந்தார். அவர் கண்ணில் பட்டது காளைகளின் தலை மட்டும்தான்.

“ஏளா, குப்ப வண்டி வந்துட்டு, சாம்பல எடுத்துட்டு வா!” என்று பின்னால் குரல் கொடுத்தபடியே வெளியே வந்தவர், மாப்பிள்ளையைப் பார்த்ததும் கூடையோடு சிலையாக நின்றுவிட்டார்.

கடைவீதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பா வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, “குப்ப வண்டி மாட்டையா எம் மவனுக்குப் பூட்டினீரு?” என்றார். வண்டியைத் திருப்பச் சொன்னார். அதற்கும் காளைகள் நகர வேண்டுமே! முகூர்த்தம் நெருங்கவே முணுமுணுத்தபடி வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அண்ணாச்சி வியர்த்து வழியக் கூட்டத்தைச் சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைக் கண்டுகொண்டார். காப்பிக் கடைக்குள் வந்து, என்னைவிட இருபது வயது மூத்த மனிதர், என் கையைப் பிடித்தார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் வந்து ஓட்டி விடுங்க. முகூர்த்தம் தப்பிரும்.”

“அது யாரு மாடு?”

“ஒங்க மாடுதாம்.”

“எனக்குக் கேக்கல. கடக்காரவங்களுக்கும் கேக்கல.”

அவர் வெளியே போய்த் தெருவில் நின்று, “இவருக்குள்ள மாடுதாம்யா! தொழிலும் இவருக்குள்ளதுதாம்!” என்றார். எனக்கு உச்சந்தலை வரை குளிர்ந்தது.

பக்கத்து இரும்புக் கடையில் ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டு சக்கரத்தில் தட்டினேன். காளைகள் நடந்தன. அடுத்த சந்தில் நின்றன. மறுபடி தட்டினேன். இப்படியே சந்துக்குச் சந்து நின்று, கல்யாண வீட்டு வாசல் வரை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நான் நடந்தேன். மீன் கவிச்சி பற்றி ஒருவரும் பேசவில்லை. தாலி கட்டி முடிந்ததும் காளைகளை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நின்ற கல்யாணப் பெண் என்னைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம். அவள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அது மட்டும் உறுத்தியது.

கடைக்காரர்கள் அந்த வாரமே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். ஏரல் என்னுடையதானது, பிறகு ஸ்ரீவைகுண்டமும். அண்ணாச்சி வீட்டுக் குப்பையையும் நான்தான் அள்ளினேன், ஆனால் சுற்றின் கடைசி வீடாக வைத்தேன். அங்கே போகும்போது வண்டி நிறைந்திருக்கும். நாளைக்கு என்று சொல்லிவிட்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். வேனலில் அவர் கொல்லைப்புறம் எப்படி நாறியது என்பதை ஊரே வந்து சொன்னது. போதும், விட்டுவிடு என்றார்கள். நான் விடவில்லை.

இரண்டாம் வருஷம் அந்தப் பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பிள்ளை பிறந்த வீட்டில் ஈ மொய்க்கிறது என்று ஆட்கள் சொன்னார்கள். மறுநாளிலிருந்து அந்த வீட்டைச் சுற்றின் முதல் வீடாக்கினேன். கொல்லையைக் கழுவிச் சுண்ணாம்பும் தூவச் சொன்னேன். அண்ணாச்சி என் மனசு இளகிவிட்டது என்று எண்ணி, கடைவீதியில் என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விளாத்திகுளம் திரும்பினாள். அடுத்த நாளே அந்த வீடு மறுபடி கடைசிக்குப் போனது.