நத்தைக்கு நெட்டப்பாக்கத்து வைத்தியம்

வில்லியனூரில் வண்ணமீன் கடை நடத்தும் எனக்கு மீன்கள் இதுவரை ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை. எல்லாத் தொல்லையும் தொட்டிக்கு வெளியே நிற்கிறவர்களால்தான். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? தொட்டிக்கு வாங்கும் புதுச்செடியில் நத்தை ஒட்டிக்கொண்டு வரும். இலைக்கு அடியில் பசை மாதிரி அதன் முட்டையும் இருக்கும். படிகாரம் கரைத்த தண்ணீரில் ரெண்டு மணி நேரம் ஊறவைத்து, முட்டையை நகத்தால் வழித்து, நன்றாக அலசி, தனி வாளியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு நட்டால் செடிக்கும் சேதமில்லை, மீனுக்கும் சேதமில்லை. இதை வாய் வலிக்கச் சொல்கிறேன். யார் கேட்கிறார்கள்?

கொதிநீர்

நெட்டப்பாக்கத்துக் கரும்பு விவசாயி கலியபெருமாள் வீட்டில் ஒரு தங்கமீன் இருந்தது. சென்னைக்கு நர்ஸ் வேலைக்குப் போன மகள் விட்டுப்போனது. தினமும் சாயந்திரம் வீடியோ காலில் முதலில் மீனைத்தான் காட்டச் சொல்வாளாம். அப்பா அம்மா முகமெல்லாம் அப்புறம்தான். அந்த மீனுக்காக அவர் மனைவி அஞ்சலை செடி வாங்கிவரச் சொல்லியிருந்தார். நான் படிகாரத்தைப் பற்றிச் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போன மனிதர், வீட்டில் செடியை முக்கியெடுத்தது கொதிக்கிற வெந்நீரில். மறுநாள் வதக்கிய கீரை மாதிரி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "என்னங்க இது, செடியைக் கொன்னுட்டீங்களே!" என்றேன்.

"செடிய வுடுப்பா. நத்த செத்துச்சா இல்லியா, அத மொதல்ல பாரு."

வாத்து

நெல் அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேயவிட்டு நத்தையை ஒழித்த அனுபவம் அவருக்கு உண்டு. அடுத்து வாங்கிய செடியில் அந்த மேதாவித்தனத்தைக் காட்டினார். சோறு வடித்துக் கொட்டும் அகலமான அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி, செடியைப் போட்டு, வாத்தை இறக்கிவிட்டிருக்கிறார். நத்தையைத் தின்றது என்னவோ உண்மைதான். இலை, தண்டு எல்லாவற்றையும் சேர்த்தே தின்றுவிட்டது. மிச்சமிருந்த வேரோடு கடைக்கு வந்தவரிடம் கத்தித் தீர்த்தேன். அவருக்கோ வாத்தின் மேல்தான் பரிவு.

"பாவம்பா, அது காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல. இன்னா பண்ணும்?"

கத்தரிக்கு அடிக்கிற மருந்து

மூன்றாவது முறை படிகாரத்தை நானே பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். பொட்டலம் அவர் வண்டிப் பெட்டியிலேயே கிடக்க, செடி நேராகத் தொட்டிக்குப் போயிற்று. கண்ணாடி முழுக்க நத்தை ஏறியதும், கத்தரிச் செடிக்கு அடிக்கிற பூச்சி மருந்தை ஒரு மூடி ஊற்றியிருக்கிறார். பூச்சி வேறு, நத்தை வேறு என்று ஒரு விவசாயிக்கு யார் பாடம் எடுப்பது? நத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மகளின் தங்கமீன் செத்து மிதந்தது.

இதைச் சொல்ல அஞ்சலைதான் கடைக்கு வந்தார். கேட்டதும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. அதே நிறத்தில், அதே அளவில் வேறொரு மீன் தருகிறேன், மகளுக்கு வித்தியாசம் தெரியாது என்றேன். வேண்டாமென்று கையை ஆட்டினார்.

"பொய் சொல்ல வேணாம் தம்பி. மீனு போச்சி, நத்த மட்டும் நல்லா ஊருது. இன்னிக்கி போன்ல பொண்ணுக்கு அதத்தான் காட்டப்போறேன், பக்கத்துல அவுங்க அப்பனையும் நிக்கவச்சி."

செடியிலிருந்து நத்தையைப் பிரிக்கப் படிகாரம் போதும் அன்பர்களே, தொட்டியிலிருந்து வைத்தியரைப் பிரிக்கத்தான் என் கடை உட்பட எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.